சரியான வார்த்தை

செக்கில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்தித் தரச் சொல்லி இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுத வேண்டும் என்றுதான் அந்த அக்காவும் தம்பியும் கடைக்கு வந்தார்கள்.

கோர்ட்டுக்கு எதிரே சின்னக் கடை. ஒரு பக்கம் கணவர் ஜெராக்ஸ் எடுப்பார். மறுபக்கம் மனைவிக்கு மொழிபெயர்ப்பு வேலை. அந்தத் தெருவில் அவளுக்கு டிக்‌ஷனரி அக்கா என்று பெயர். ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை நிறுத்துப் பார்த்துத்தான் எழுதுவாள்.

வந்தவளின் கணவன் சலவை ஆலையில் வேலை பார்த்தவன். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற பெரிய ஆலை. இரண்டு மாதத்துக்கு முன்பு நீராவிக் குழாய் வெடித்தது. குழாய் இற்றுப்போய்விட்டது, மாற்றுங்கள் என்று அவனே மூன்று தடவை சொல்லியிருக்கிறான். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

நேற்று ஆலை ஆபீசில் அவளைக் கூப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, நஷ்டஈடு வந்திருக்கிறது என்று சொல்லி ஒரு இங்கிலீஷ் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செக்கையும் கடிதத்தின் நகலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் போய்ப் பார்த்த பிறகுதான் தொகை உதைத்தது.

டிக்‌ஷனரி அக்கா கடிதத்தை வாங்கினாள். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

"பூஜ்ஜியம் எதுவும் விட்டுப்போகலை. தொகை சரிதான்" என்றாள்.

"எப்படிங்க சரி? ஒரு உசுருக்கு இவ்வளவுதானா?" என்றான் தம்பி.

"இது உசுருக்கு இல்லை. இதுல நஷ்டஈடுன்னே எழுதலை. ரீஇம்பர்ஸ்னு எழுதியிருக்கு."

"அதுவும் திருப்பிக் கொடுக்கிறதுதானே? இங்கிலீஷ்ல பத்து வார்த்தை இருக்கும். அர்த்தம் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். வாங்கின செருப்பு கிழிந்திருந்தால் கடைக்காரன் காசைத் திருப்பித் தருவது ரீஃபண்ட். கைமாற்றாக வாங்கியதைத் தருவது ரீபே. ஒருத்தருக்காக நாம் ஆட்டோவுக்குக் கொடுத்ததை அவர் ரசீதைப் பார்த்துவிட்டுத் தருவதுதான் ரீஇம்பர்ஸ்.

"நாம இழந்ததுக்கு ஈடா ஒண்ணு தர்றாங்க பாருங்க, அதுக்குக் காம்பன்சேட்னு பேரு. அந்த வார்த்தையைப் போட்டா, உங்களுக்கு ஒரு இழப்பு நடந்திருக்குன்னு அவங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ரீஇம்பர்ஸ்னு போட்டா அந்தப் பேச்சே வராது. நீங்க செலவு பண்ணீங்க, அவங்க அதைக் கொடுத்துட்டாங்க. அவ்வளவுதான்."

"என்ன செலவு பண்ணினோம்?" என்றாள் அந்தப் பெண்.

"ஆறு நாள் ஆஸ்பத்திரி பில். மருந்து. ஆம்புலன்ஸ்."

தம்பி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். காசுக்குக் காசு சரியாக வந்தது.

"அப்போ மாமா அன்னிக்கே, அந்த இடத்துலேயே போயிருந்தா?"

டிக்‌ஷனரி அக்கா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "பில் இருக்காது. திருப்பித் தர ஒண்ணும் இருந்திருக்காது."

இதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் இல்லை என்று நாலாவது பத்தியில் இருக்கிறது, அதற்குக் கீழேதான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் அவள் மறைக்கவில்லை. எதிரே வக்கீல்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள், ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக நம்பிக்கை தர மாட்டார்கள் என்றாள்.

தம்பியின் கோபம் அவள் மேல் திரும்பியது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் இப்படியா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வது, கொஞ்சம் பூசி மெழுகினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று சத்தம் போட்டான். "ரொம்பத்தான் அகராதி" என்று முனகிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

அந்தப் பெண் நகரவில்லை. கடிதத்தை நாலாக மடித்தாள்.

"அவங்க நமக்குச் செஞ்சதை அப்படியே அவங்களுக்குத் திருப்பிச் செய்யறதுக்கு வார்த்தை இருக்காக்கா?"

"இருக்கு. ரிட்டாலியேட்."

"அதுக்கு ரசீது வேணாமில்ல?" என்றாள். சிரிக்கிற மாதிரி உதடு கோணியது. சிரிப்பு வரவில்லை. "எங்களால அதெல்லாம் முடியாது. பெரியவளுக்கு இப்பத்தான் ஏழு வயசு. வீட்டு வாடகைக்கு இந்த செக்கைத்தான் போடணும்."

பிறகு பர்ஸைத் திறந்து, "எவ்வளவுக்கா?" என்றாள்.

"வேண்டாம்மா."

"இருக்கட்டும். உள்ளதை உள்ளபடி சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

"வேண்டாம்னு சொல்றேன்ல. போயிட்டு வா."

அவர்கள் தெருவைக் கடந்து, கோர்ட் பக்கம் போகாமல், பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்கள்.

இதுவரை வாயைத் திறக்காத ஜெராக்ஸ்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் காசு வாங்காமல் அனுப்ப எல்லோருக்கும் மனசு வராது என்றார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"இந்தக் கடிதத்துக்குப் போன மாசமே காசு வாங்கிட்டேங்க. தப்பை ஒத்துக்காத மாதிரி ஒரு வார்த்தை வேணும்னு ஆலைக்காரங்க வந்து கேட்டாங்க. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."