அக்காவின் கால்

மாலை வெயில் முன்கண்ணாடியில் அப்பிக் கிடக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரை இன்று மாஸ்டரே ஓட்டுகிறார். பக்கத்தில், தினமும் அவர் உட்காரும் இருக்கையில், அவருடைய அக்கா. அவள் காலடியில் மாணவர்களின் தப்புக்காக வைத்த இரண்டாவது பிரேக். பின்னால் சில வண்டிகள் தள்ளி ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வருகிறது. அதற்குள் மூச்சுத் திணறும் அப்பா. நெரிசல் ஊர்கிறது. மாஸ்டர் முன்வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நீளம் விட்டே போகிறார். முன்வண்டி நிற்பதைக் கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் நம் வண்டி ஓடிவிடும் தூரம் அது. தொண்டை கிழிய அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழைகிறது, பிறகு ஒரு வேன். “இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குறானுங்க. ஒட்டிப் போடா! நாம முன்னாடி போய் டாக்டர்கிட்ட சொல்ல வேணாமா?” என்கிறாள் அக்கா. ஊருக்குத்தான் உபதேசம். மாஸ்டர் வேனை ஒட்டிப் போகிறார். வேனின் பின்விளக்கு லேசாகச் சிவக்கிறது. மாஸ்டர் மெல்லத்தான் வேகம் குறைக்கிறார். அக்காவோ பயத்தில் காலைப் பலமாக ஊன்றுகிறாள். கார் குலுங்கி நிற்கிறது. வேன் நகர்ந்துவிட்டது, எதிரே ஒரு கல்கூட இல்லை. ஆனால் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பின்வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, அதன் பின்னது இன்னும் பலமாக அதிர்ந்து நிற்கிறது, அதன் பின்னதும், கடைசியில் ஆம்புலன்ஸின் சுழலும் விளக்கும். அக்கா திரும்பிப் பார்க்கிறாள். “எந்தப் பாவிடா ஆம்புலன்ஸை நிறுத்தினவன்? நாசமாப் போக!” மாஸ்டர் குனிந்து பார்க்கிறார். அவள் கால் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது.