தேன் வந்த டம்ளர்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகத்தை நம்புவதில்லை. காப்பி மெஷினைத்தான் நம்புகிறார்கள். அதன் மேல் கட்டைவிரலை வைத்தால், அவரவர் ரத்தத்துக்கு எந்த இனிப்பு ஆகுமோ அதை மட்டும் கலந்து தரும். தேன் வந்தால் தோஷமில்லை. கருப்பட்டி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சீனித்துளசி இலை என்றால் எழுந்து போய்விடுவார்கள், அது பெண்ணின் தாய்க்கு வந்திருந்தாலும்கூட.

யாழிசை விரலை வைத்தாள். கூடமெல்லாம் தேன் மணத்தது.

"பெறகென்ன மதினி, நாள் பாத்துருவோம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

யாழிசையின் அம்மா செண்பகவடிவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தன் காப்பியை அவள் முன்கூட்டியே பிடித்து, இலை வாசம் தெரியாமல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த இலையின் கசப்பு அவளுக்குத் தொண்டையில் இறங்காது. தினமும் காலையில், "எனக்குக் கசப்புதாம்மா பிடிக்கும்" என்று பொய் சொல்லி மகள் டம்ளரை மாற்றிக்கொள்வாள்.

பேச்சு மண்டபம், நகை என்று நீண்டது. கல்யாணப் பூரிப்பில் யாழிசையின் கை தன் டம்ளரை அம்மா பக்கம் நகர்த்தியது. செண்பகவடிவும் வழக்கம்போல எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"பிள்ளை காப்பிய நீங்க குடிக்கீங்களே. அப்ப உங்களுக்கு என்ன வந்துச்சு மதினி?"

கேட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா, மூடியிருந்த டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். செண்பகவடிவின் வாய் நிறையத் தேன்காப்பி. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.