தலையும் தெரியட்டும்

மூன்று குட்டிகளை வைத்திருந்த முயலுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஆட்காட்டிக் குருவி ஏழு தடவை அலறிவிட்டது. ஆட்டைப் பார்த்து, பறந்து வந்த பாலித்தீன் பையைப் பார்த்து, மேகத்தின் நிழலைப் பார்த்துக்கூட. அலறும்போதெல்லாம் குட்டிகள் வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டுப் புதருக்குள் ஓடின. ஒரு மாதமாக இதே கதைதான்; குட்டிகள் எலும்பும் தோலுமாகிவிட்டன.

"போன வாரம் நரி வந்ததை நான்தானேக்கா சொன்னேன்?" என்றது குருவி.

"ஒரு நரிக்கு நூறு அலறலா? பிள்ளைங்க பட்டினியிலேயே செத்துடும் போலிருக்கு. நரின்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் திற."

"சரிக்கா."

சாயங்காலம் வரை சத்தமே இல்லை. குட்டிகள் வயிறு முட்ட மேய்ந்தன. முயலுக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. குருவி சும்மா இருக்கிறதே, ஆபத்து இல்லாததாலா, இல்லை அதற்கு இன்னும் உறுதியாகாததாலா?

காற்றே இல்லாமல் கோரைப்புல் அசைந்தது. கடைக்குட்டி அதன் ஓரத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. குருவியும் அலகைப் பாதி திறந்தபடி அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி அது?" என்று கேட்டது முயல்.

"வால் மாதிரித்தான் இருக்குக்கா," என்று கிசுகிசுத்தது குருவி. "கொஞ்சம் பொறுங்க, தலையும் தெரியட்டும்."