ஒரு நாற்காலியும் காலியில்லை

லுத்தரன் திருச்சபை நடத்தும் பல்கலைக்கழகங்கள் அத்தனையையும் மேற்பார்வை பார்க்கும் ஐயா, "இன்னைக்குத் தனியா வர்றேன்" என்று போன் செய்ததும் துணைவேந்தர் அம்மா காலியிடப் பட்டியலைத் தேடி எடுத்தார். போன வருஷம் அவர் இப்படித் தனியாகப் போய்வந்த இரண்டு பல்கலைக்கழகங்களும், பேராசிரியர் இடம் காலி என்ற காரணத்தால், இப்போது பூட்டிக் கிடந்தன.

காலியாக இருந்த இறையியல் பேராசிரியர் நாற்காலியில் அம்மா பல்கலைக்கழக பஸ் டிரைவருக்கு அங்கி மாட்டி உட்கார வைத்தார்.

"அண்ணே, வாயைத் திறந்தீங்க, நம்ம எல்லார் பொழைப்பும் போச்சு!"

ஐயா பேயறைந்த முகத்தோடு வந்தார். ஒவ்வொரு துறையாக எட்டிப் பார்த்தார்.

"பேராசிரியர் இடம் ஏதாவது காலியா இருக்காம்மா?"

"ஒண்ணுகூட இல்லைங்கய்யா!"

அவர் முகம் இன்னும் இருண்டது.

"இறையியல்ல?"

"அதோ, பேராசிரியர் உட்கார்ந்திருக்காரே!"

டிரைவர் பைபிளை விரித்து முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஐயா அம்மாவை வராந்தாவுக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினார். கதை முடிந்தது என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து சபைக் கூட்டத்துல என் மேற்பார்வை ஆபீஸையே மூடிட்டாங்கம்மா" என்றார் ஐயா. "பழையபடி இறையியல் பாடம் நடத்தப் போயிடலாம்னு உங்களைத்தான் மலைபோல நம்பி வந்தேன். இங்கேயும் இடமில்லைன்னா நான் எங்கே போவேன்?"

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"மேடம், பஸ் எடுக்க நேரமாச்சு. இந்த அங்கியை யார்கிட்ட குடுக்கட்டும்?"