கணக்கில் வராத வீடு

“அந்தத் தையல் டீச்சரை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன் பாரு!” கோட்டை மாட்டியபடியே போனில் பொரிந்தார் இன்டர்நெட் கம்பெனி மேனேஜர்.

“பண்ணிடுங்க சார்,” என்றாள் ஆபீஸிலிருந்த உதவியாளர். “கோட்டு இப்ப பிடிக்குதா?”

“உங்க அக்கா கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!” தொப்பைக்கு இடம்விட்டுப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது அவளுடைய அக்கா. கீழே அரை டிரவுசர்தான். விசாரணை வீடியோவில்தானே!

அந்த டீச்சர் இணையத்தில் தையல் வகுப்பு நடத்துகிறவர். கம்பெனியின் சொந்தச் சேனலை நாள் முழுக்கப் பார்த்தாலும் மாத டேட்டா குறையாது. மற்றவர்கள் வீடியோவைத் தொட்டால் கரையும். பாதி மாதத்தில் பாடம் நின்றுபோக, மாணவிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

புகார் சொன்னவர்களுக்கெல்லாம் மேனேஜர் எழுதிக்கொடுத்த பதிலை உதவியாளர்தான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். டீச்சர் நுகர்வோர் ஆணையத்துக்கே போய்விட்டார். இன்று தோற்றால் வகுப்புக்குப் பூட்டுதான்.

“தேதி இருபத்தெட்டு. என் வீட்டு லைன் நடுவுல நிக்காதே?”

“ஆபீஸ்காரங்க வீட்டுக்கு ஏது சார் கணக்கு? அந்த லிஸ்ட் என்கிட்டதானே இருக்கு!”

விசாரணையில் மேனேஜர் வெளுத்து வாங்கினார். “ஐயா, நாங்க தர்ற டேட்டா ஒரு குடும்பத்துக்குத் தாராளம். என் வீட்லயும் இதே பிளான்தான். மாசக் கடைசியிலகூட ஒரு வீடியோ பாதியில நின்ன...”

ஆணையத்தின் திரையில் அவர் வாய் திறந்தபடியே உறைந்துவிட்டார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். மேனேஜரின் திரையிலோ ஒரே ஒரு வரி: ‘உங்கள் மாத டேட்டா தீர்ந்துவிட்டது.’

“என்னம்மா இது? என் வீட்டுக்கு எப்படித் தீரும்?” போனில் அலறினார்.

“ஒண்ணாம் தேதியே லிஸ்ட்லருந்து உங்க வீட்டை எடுத்துட்டேன் சார். கவலைப்படாதீங்க, நம்ம சேனலைப் பாருங்க. அது கணக்குல வராது.” அவர் எழுதிக்கொடுத்த பதில், ஓர் எழுத்து பிசகாமல் வந்தது.

“உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

“ராஜினாமா உங்க மேஜை மேல இருக்கு சார். அப்புறம், அக்கா இப்பத்தான் உங்களை விசாரணையில பார்த்தாங்களாம்... கோட்டு கச்சிதமா இருக்காம்!”