வலக்கண் பிளாஸ்டர்

கண்ணுக்கு ஊசி போடும் அறையின் வாசலில் இருந்த திலகேஸ்வரி கையிலிருந்த துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முதல் ஊசி.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி," என்றார் பக்கத்தில் இருந்த பஞ்சலிங்கம். "மருந்து விட்டுக் கண்ணை விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் குத்துவினம். நான் வலக்கண்ணுக்கு ஒன்பது ஊசி போட்டனான்."

"பிறகு கண் தெரியுமோ அண்ணை?"

"பிளாஸ்டர் ஒட்டி விடுவினம். அடுத்தநாள் விடிய என்ரை மனுசி அதைக் கழட்டி, மற்றக் கண்ணைப் பொத்திப்போட்டு, 'என்னைத் தெரியுதோ?' எண்டு கேப்பா. வடிவாத் தெரியுது எண்டு சொல்லுவன். அவவுக்கு அதிலை ஒரு சந்தோசம்."

திலகேஸ்வரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கதவைத் திறந்த தாதி பஞ்சலிங்கத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, உந்தக் கண்ணுக்கு இனி ஊசி போட்டும் பிரயோசனமில்லை, பார்வை திரும்பாது எண்டு போனமாதமே டொக்டர் சொன்னவரெல்லோ? பிறகேன் வந்தனீங்கள்?"

"தெரியும் பிள்ளை." பஞ்சலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இண்டைக்கு ஊசி நாள் எண்டு மனுசிதான் எழுப்பி அனுப்பினவ. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. ஒரு பிளாஸ்டர் மட்டும் ஒட்டி விடுங்கோ."