வல்லாரை செய்த குற்றம்

“கொலைகாரி! என்ற ஈரலுக்குள்ள புழுவ உட்டவ இவதானுங்க டாக்டரு!”

பழனாத்தாள் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். மருமகள் புவனா ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வயிற்றெரிச்சல் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்த பழனாத்தாளுக்கு, மலப் பரிசோதனையில் ஈரல் புழுவின் முட்டைகள் தெரிந்தன. “தண்ணியோரக் கீரையைப் பச்சையாச் சாப்பிட்டா வரும்” என்று டாக்டர் சித்திகா வாய் திறந்ததுதான் தாமதம், புவனா அரைத்த வாய்க்கால் வல்லாரைத் துவையல் அகப்பட்டுக்கொண்டது.

“ஆட்டு ஈரல் ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?”

“கறிய உட்டு இருவது வருசமாச்சு! என்ற ஊட்டுல ஒருத்தரும் தொடமாட்டாங்க. பேரன் முட்டையப் பொஸ்தகத்துலதான் பாத்திருக்கறான்!”

வீட்டில் கறி வேகாதது உண்மைதான். அவர் விரதம், வீட்டுக்கே விரதம். ஞாயிறுதோறும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போவார். திரும்பி வந்ததும், “பிரசாதத்துலயே வயிறு ரொம்பிருச்சு” என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

“கண்ணு கிருபா, நான் ஊட்டுக்கு வாரப்ப இவ அங்க இருக்கக்கூடாது. வெள்ளகோயில்ல அவ அப்பனூட்டுல கொண்டுபோய் உட்டுப்போடு. இல்லீன்னா இவ நாசமாப் போகோணும்னு மாசாணியாத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போடுவேன்!”

மகன் கிருபாசங்கர் கார் சாவியையே பார்த்தான்.

“மருந்து இப்ப வேண்டாம்” என்றார் டாக்டர். “ஒரு வாரம் இங்கயே இருங்க. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும். அப்புறம் மறுபடி டெஸ்ட்.”

“ஞாயித்துக்கெழம கோயிலுக்கு?” முதல் முறையாகப் பழனாத்தாளின் குரல் இறங்கியது.

“எங்கியும் போகக் கூடாதுங்க.”

வாரம் முழுக்க வசவு. கடைசி நாள் புவனாவின் துணிப்பை காரில் ஏறியிருந்தது.

டாக்டர் வந்தார். “ஒரு முட்டைகூட இல்லீங்க. ஸ்கேன், ரத்தம் எல்லாம் சுத்தம். உள்ள புழு இருந்தா முட்டை வந்துட்டே இருக்கும். முன்னால வந்தது ஆட்டோட முட்டை.”

“ஆட்டுக்கு ஏதுங்க முட்டை?” என்றான் கிருபாசங்கர்.

“ஆட்டு ஈரல்ல இருந்த புழுவோட முட்டைங்க. அந்த ஈரலைத் தின்னா முட்டை அப்படியே வெளிய வந்துரும். கீரை மேல தப்பில்ல.”

பழனாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

புவனா ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

“ஏனுங்கத்தே, ஆனைமலைல எந்தக் கடைங்க?”